அலவுட் என்றால் சத்தமா?

2004ஆம் வருடம், சென்னை கிண்டியில் ஒரு நேர்முகத் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "ப்ளீஸ் ரீட் திஸ் அலவுட்" என்றார். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு வரிகள். கஷ்டமான வார்த்தை எதுவும் இல்லை.

அலவுட் எனக்குத் தெரிந்த வார்த்தைதான். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட பட்டியலில் ‘அலவுட் – சத்தமாக’ என்று இருந்தது. ஐந்து தடவை எழுதி மனப்பாடம் செய்தது. ஆகவே சத்தமாகப் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது மைக் கெட்டுப்போனால் உறுதிமொழி சொல்லக் கூப்பிடுகிற பையன் நான்தான். அந்தக் குரலை எடுத்தேன். மூன்றாவது வரியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

"கத்த வேண்டாம்" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் மென்மையாகச் சொன்னார். எனக்குக் குழப்பம். கத்தச் சொன்னதே அவர்தானே? சரி, வேண்டாம் என்கிறார் என்று குரலை அடக்கினேன். அடக்கியது அதிகமாகிவிட்டது. உதடு அசைந்ததே தவிர வார்த்தை வெளியே வரவில்லை. "இப்போது கேட்கவில்லை, அலவுட் ப்ளீஸ்" என்றார். மறுபடி உறுதிமொழிக் குரல். இப்படி ரேடியோவின் திருகைச் சின்னப் பிள்ளை கையில் கொடுத்த மாதிரி ஏற்றி இறக்கி அந்தப் பத்தியைப் படித்து முடித்தேன்.

வேலை கிடைக்கவில்லை. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் கேட்ட கேள்விகளுக்கும் நான் பெரிதாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் தாம்பரம் ரயிலில் திரும்பும்போது மண்டைக்குள் ஓடியது அந்த ஒரு வார்த்தைதான். சத்தமாகப் படி என்றார், படித்தேன், கத்தாதே என்றார். என்னதான் வேண்டும் அவருக்கு?

அவருக்கு வேண்டியது ரொம்பச் சாதாரணமான விஷயம் என்று புரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அதே வார்த்தை இன்னும் இரண்டு இடத்தில் என்னைக் கவிழ்த்துவிட்டது.

முதலாவது, டெலிபோன். அடுத்த வருடம் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் இருக்கிற வாடிக்கையாளரோடு வாரம் இரண்டு முறை கூட்டம். மேசை நடுவில் நண்டு மாதிரி மூன்று காலோடு ஒரு ஸ்பீக்கர் போன் இருக்கும். அதைச் சுற்றி நாங்கள் ஆறு பேர். அந்தப் பக்கம் பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஒருநாள் தைரியமாக நான், "ப்ளீஸ் ஸ்பீக் அலவுட்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் ஒரு சிரிப்பு. "அப்படித்தான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்" என்றார் அவர்.

நான் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, "ஐயா, மனசுக்குள்ளயே பேசாதீங்க, வாயைத் திறந்து பேசுங்க" என்று சொன்ன மாதிரி. அந்த இடத்தில் சொல்ல வேண்டியது "குட் யு ஸ்பீக் அப்?" அல்லது "எ லிட்டில் லவுடர், ப்ளீஸ்". இரண்டுமே மரியாதையானவை. நம் ஊர் அலுவலகங்களில் "ஸ்பீக் அலவுட்" இன்றைக்கும் தினமும் கேட்கிறது. ஜூம் வந்த பிறகு இன்னும் அதிகம். நமக்குள் சொல்லிக்கொண்டால் புரிந்துவிடும், சண்டையில்லை. வெளியாள் இருந்தால் ஒரு நொடி அமைதி வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை அவ்வளவு லேசாகப் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் மேனேஜர் என் இடத்துக்கு வந்து நின்றார். வாரா வாரம் நாங்கள் இரண்டு அறிக்கை அனுப்புவோம். ஒன்று வேலை முடிந்த கணக்கு, இன்னொன்று பிழைக் கணக்கு. கையில் காபியோடு அவர் சொன்னார்: "ஐம் ஜஸ்ட் திங்கிங் அலவுட். இந்த ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தா என்ன?" சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார், காபியைக் குடித்தார், போய்விட்டார்.

என் மண்டையில் அலவுட் என்றால் சத்தம். சத்தமாக யோசிக்கிறார் என்றால்? அழுத்தமாக, உறுதியாக யோசித்துவிட்டார் என்றுதானே அர்த்தம்! ‘ஜஸ்ட்’ என்றது ‘இப்போதுதான்’ என்று எனக்கு விழுந்தது. அதாவது, இப்போதுதான் உறுதியாக முடிவெடுத்தேன், செய்து முடி. அடுத்த நாள் எங்கள் சித்தப்பா மகளுக்கு அம்பாசமுத்திரத்தில் நிச்சயதார்த்தம். ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். ரத்து செய்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து, இரண்டு அறிக்கையின் எக்செல் கணக்குகளையும் பிரித்து, கோத்து, புது வடிவத்தில் ஒன்றாக்கி, ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு வாடிக்கையாளருக்கே அனுப்பியும் விட்டேன். மேனேஜருக்கு நகல் போட்டேன், பெருமையாக.

திங்கள்கிழமை காலை அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கோபம்கூட இல்லை, நம்ப முடியாத முகம். "நான் சும்மா யோசிச்சதைத்தானே சொன்னேன்? உங்ககிட்ட செய்யச் சொன்னேனா?" வாடிக்கையாளர் பக்கம் அந்தப் பிழைக் கணக்கு வேறொரு குழுவுக்குப் போகிறது, இரண்டையும் சேர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டு, பழைய அறிக்கைகளை மறுபடி அனுப்பி, மதியத்துக்குள் சரிசெய்தோம். நிச்சயதார்த்தத்துக்கு வராததை மட்டும் எங்கள் சித்தி இன்றைக்கும் சரிசெய்துகொள்ளவில்லை.

‘திங்கிங் அலவுட்’ என்பது ஒரு வேலி. "இது முடிவு இல்லை, உத்தரவும் இல்லை; மனசுக்குள் ஓடுவதை அப்படியே வெளியே விடுகிறேன், என்னைப் பிடித்துக்கொள்ளாதே" என்று சொல்பவர் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற வேலி. இதைக் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: "இதை எடுத்துச் செய்யட்டுமா, இல்லை இன்னும் யோசிக்கிறீங்களா?" என்று அங்கேயே கேட்டுவிடுவது. நான் இப்போது கேட்டுவிடுகிறேன். அதைவிட முக்கியம், அதே வேலியை நானும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன். கூட்டத்தில் பாதி வெந்த யோசனை ஒன்று இருந்தால் முன்பெல்லாம் பேசாமல் இருந்துவிடுவேன். இப்போது "ஐம் திங்கிங் அலவுட் ஹியர்" என்று ஆரம்பித்துச் சொல்லிவிடுகிறேன். சரியாக வந்தால் நம் யோசனை, சொதப்பினால் சும்மா யோசித்தது. தமிழில் பெரியவர்கள் "ஒரு பேச்சுக்குச் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார்களே, கிட்டத்தட்ட அதன் ஒன்றுவிட்ட தம்பி.

இவ்வளவு அடிபட்ட பிறகும் எனக்கு அந்த வார்த்தை முழுசாகப் பிடிபடவில்லை. இங்கே இப்படி, அங்கே அப்படி என்று தனித்தனியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். பிடிபட்டது 2016இல், வீட்டில்.

மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட டைரியில் ‘ரீட் அலவுட், 15 மினிட்ஸ்’ என்று தினமும் எழுதி அனுப்புவார்கள். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை ஓட்டிவிட்டு, "படிச்சிட்டேன்" என்பாள். "அலவுட்னு போட்டிருக்கு, சத்தமாப் படி" என்றேன் நான். அவள் யாருக்குப் பிறந்தவள்? எடுத்தாள் ஒரு குரல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எங்கள் அம்மா பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"ஏட்டி, சத்தம் போடாத. வாய்விட்டுப் படி."

மகள் உடனே குரலை இறக்கி, அளவாக, தெளிவாகப் படித்தாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போடாதே, வாய்விட்டுப் படி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கிண்டியில் அந்த அம்மா என்னிடம் சொன்னது இதைத்தான், ஆங்கிலத்தில்.

அதைவிட வெட்கம், அந்த வார்த்தை எனக்குப் புதிதே இல்லை. எங்கள் ஊர் கடையம் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் திண்ணையில் அம்மாவோடு நாலைந்து பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கை இலையைப் பிடிக்கும், ஒரு கை தூளைப் போடும், சுருட்டி நூலைக் கட்டிவிட்டு அடுத்த இலை. நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஏதோ கூலி என்று கையில் வரும். கைக்கு வேலை, கண்ணுக்கு வேலை; காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு நான். தந்தி பேப்பர், பொட்டலம் கட்டி வந்த பழைய வார இதழ், அதில் பாதியில் கிழிந்த தொடர்கதை, எது கிடைத்தாலும் படித்துக் காட்ட வேண்டும். கதை சுவாரசியமாகிற இடத்தில் நான் என்னை மறந்து வாய்க்குள் படிக்க ஆரம்பித்துவிடுவேன். உடனே யாராவது ஒருத்தி, "ஏலே, வாய்விட்டுப் படிலே, நீ மட்டும் கேக்கவா வந்த?" என்பாள். கத்தினாலும் திட்டு விழும்: "காது செவிடாயிரும் போலிருக்கு, ஏன் இந்தக் கத்து கத்துத?" அந்தத் திண்ணை முழுக்கக் கேட்க வேண்டும், தெருவுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

பிற்பாடு தெரிந்துகொண்டேன், இது எங்கள் திண்ணையில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. க்யூபாவின் ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865லிருந்தே சுருட்டு சுற்றுகிறவர்களுக்குப் பேப்பரும் நாவலும் படித்துக் காட்ட ஆள் வைத்திருந்தார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளிகளும் தங்களில் ஒருவரைப் படிக்க விட்டு மற்றவர்கள் சுற்றுவார்கள். புகையிலைக்கும் இந்த அலவுட்டுக்கும் ஏதோ பழைய உறவு இருக்கிறது. நான் படித்ததற்குக் கூலி, எப்போதாவது ஒரு கடலை மிட்டாய்.

சரி, வார்த்தைக்கு வருவோம். சத்தம் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம் மெதுவாக. வாய்விட்டு என்றால் எதிர்ப்பக்கம் மனசுக்குள். ஆங்கிலத்திலும் அதே பிரிவுதான்: லவுட் என்பதற்கு எதிர் சாஃப்ட், அலவுட் என்பதற்கு எதிர் சைலன்ட்லி. லவுட் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, ஒன்றிலிருந்து ஐந்து வரை திருகலாம். அலவுட் லைட் சுவிட்ச் மாதிரி, போட்டால் போட்டது, அணைத்தால் அணைத்தது. அதனால்தான் லவுட், லவுடர், லவுடெஸ்ட் என்று மூன்று படி உண்டு. ‘மோர் அலவுட்’ என்றோ ‘வெரி அலவுட்’ என்றோ கிடையாது. லைட் சுவிட்சை ரொம்பப் போடு என்று யாராவது சொல்வார்களா?

இந்த ஒன்று தெரிந்ததும் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்தது. ‘ரீட் அலவுட்’ வாய்விட்டுப் படிப்பது. ‘லாஃப் அலவுட்’ வாய்விட்டுச் சிரிப்பது. ‘க்ரை அலவுட்’ வாய்விட்டு அழுவது. ‘வொண்டர் அலவுட்’ மனசில் எழுந்த சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வது, ஆங்கிலச் செய்திகளில், ஒரு தலைவர் நேரடியாகக் குற்றம் சாட்டாமல் "இது எப்படி நடந்திருக்கும்?" என்று பொடி வைத்துக் கேட்கும்போது இதைப் போடுவார்கள். வார்த்தை நிற்கிற இடம் மட்டும் நமக்குத் தலைகீழ். தமிழில் படிக்கு முன்னால் வாய்விட்டு வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ரீட் முதலில், என்ன படிக்க வேண்டுமோ அது அடுத்து, அலவுட் கடைசியில். ‘ரீட் த லெட்டர் அலவுட்.’

எல்லா இடத்திலும் இரண்டும் அச்சாகப் பொருந்தும் என்றும் நினைத்துவிட வேண்டாம். "வாய்விட்டுக் கேட்டும் தரலையே" என்று ஒருவர் சொன்னால், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன் என்கிற வலி அதில் இருக்கிறது. அந்த வலி அலவுட்டில் கிடையாது.

எட்டாம் வகுப்புப் பட்டியலும் முழுப் பொய் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அலவுட் நிஜமாகவே உரத்த குரலையும் குறித்தது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் ஏசாயா 58ஆம் அதிகாரம் ‘க்ரை அலவுட்’ என்றுதான் தொடங்குகிறது. தமிழ் பைபிளில் அங்கே ‘சத்தமிட்டுக் கூப்பிடு’. கூப்பிடுவது, அலறுவது போன்ற வினைகளோடு அந்தப் பழைய வாசனை இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது. ஆனால் படிப்பது, யோசிப்பது, சொல்வது என்று வந்துவிட்டால் சத்தத்தை மறந்துவிடலாம். அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் நமக்கு வருகிற அலவுட் பெரும்பாலும் இவைதான்.

இன்னொரு குழி, சேர்த்து எழுதுக, பிரித்து எழுதுக குழி. ‘எ லவுட் வாய்ஸ்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ‘அலவுட் வாய்ஸ்’ என்றுதான் காதில் விழும். அதை அப்படியே சேர்த்து எழுதி, ‘ஹி ஸ்போக் இன் அலவுட் வாய்ஸ்’ என்று எத்தனையோ மின்னஞ்சல்களில் பார்த்திருக்கிறேன், என்னுடையவையும் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியாக அதன் முன்னால் அலவுட் வராது. அஸ்லீப், அலைவ் எல்லாம் இதே அகர வீட்டுப் பிள்ளைகள்தான்; ‘த பேபி இஸ் அஸ்லீப்’ சரி, ‘அஸ்லீப் பேபி’ தப்பு. அடுத்து ஒரு பெயர்ச்சொல் நிற்கிறதா, பிரித்து எழுது. நிற்கவில்லையா, பெரும்பாலும் சேர்த்து எழுது. நான் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன்.

அனுமதி என்கிற பொருளில் வருகிற இன்னொரு அலவுட் இருக்கிறதே, அதுவும் உச்சரிப்பில் இதுவேதான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆங்கிலத்தில் எழுத்து மட்டும் வேறு, அனுமதிக்கு இரண்டு எல். ஒரு கம்பெனியில் சாப்பாட்டு அறைக் கதவில் ‘அவுட்சைட் ஃபுட் நாட் அலவுட்’ என்று அச்சடித்து ஒட்டியிருந்தேன். ஒட்டியது நான்தான், தப்பான அலவுட்டைப் போட்டு. வெளிச் சாப்பாடு வாய்விட்டுப் பேசக் கூடாது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் சிவப்புக்கோடு போடவில்லை. இரண்டுமே அதற்குச் சரியான வார்த்தைகள். இரண்டு மாதம் தொங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் கீழே பேனாவால், "என் தயிர்சாதம் எப்பவும் அமைதியாத்தான் இருக்கும்" என்று எழுதிவைத்தார்.

‘அவுட் லவுட்’ பற்றிக் கேட்பார்கள். அலவுட்டும் அதுவும் பெரும்பாலும் ஒன்றுதான். அவுட் லவுட் பேச்சு வழக்கு, அலவுட் கொஞ்சம் சட்டை இன் பண்ணினது. செல்போனில் எல்லாரும் தட்டுகிற ‘எல்.ஓ.எல்.’ லாஃபிங் அவுட் லவுட், அதாவது வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அனுப்புகிற செய்தி. ஒரு இடத்தில் மட்டும் மாற்றக் கூடாது: எரிச்சலில் சொல்கிற ‘ஃபார் க்ரையிங் அவுட் லவுட்’. நம்முடைய "அட கடவுளே" மாதிரி அது மொத்தமாக ஒரே கட்டு. அதில் அலவுட்டைப் போட்டால் கட்டு அவிழ்ந்துவிடும்.

லவுட்லி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கதவை இடிப்பது, குறட்டை விடுவது, புகார் சொல்வது என்று இரைச்சல் இருக்கிற இடத்தில் அது வரும்.

இதையெல்லாம் துருவிக்கொண்டிருந்த நாட்களில் அகராதியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. லவுட் பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லூட்’. அதற்கும் பின்னால் போனால், ‘கேட்பது’ என்று பொருள்படுகிற ஒரு இந்தோ-ஐரோப்பிய வேர். அதே வேரின் சமஸ்கிருதக் கிளையில் பிறந்ததுதான் ஸ்ருதி, நம் கச்சேரிகளில் சுருதியாக உட்கார்ந்திருப்பது. ஆக லவுட் பிறந்தபோது ‘காதில் விழுந்தது’ என்றுதான் இருந்திருக்கிறது; கத்தல் எல்லாம் பிற்பாடு ஏறிக்கொண்டது. சுருதி பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது கிண்டி ஞாபகம் வருகிறது.

மறுபடி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததில் எனக்கு ஒரு நிஜமான லாபம் கிடைத்தது. முக்கியமான மின்னஞ்சல் எதையும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை எனக்கு மட்டும் கேட்கிற குரலில் படித்துவிடுகிறேன். கண் தாண்டிப்போகிற விடுபட்ட வார்த்தை நாக்கில் இடறும். கோபத்தில் எழுதியது கோபமாகவே காதில் விழும், அப்போது மாற்றிவிடலாம். மூச்சு முட்டினால் அந்த வாக்கியம் நீளம். அலுவலகத்தில் ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். இப்போது கான்ஃபரன்ஸ் அறை காலியாக இருந்தால் நான் உள்ளே போய் முணுமுணுப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது.

மனப்பாடத்துக்கும் இது உதவும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாய்ப்பாடு என்று பெயரிலேயே வாயை வைத்தவர்கள் அவர்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலின் மெக்லவுட் என்கிற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 2010இல் இதைச் சோதித்து எழுதினார்கள். வார்த்தைப் பட்டியலில் சிலதை மனசுக்குள்ளும் சிலதை வாய்விட்டும் படிக்கச் சொன்னால், வாய்விட்டுப் படித்தவை அதிகம் நினைவில் நிற்கின்றன. இதற்கு ஒரு காரணமாக அவர்கள் சொல்வது, வாய்விட்டது மற்றதிலிருந்து தனித்துத் தெரிகிறது என்பது. அதனால் புத்தகம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நினைவில் நிற்க வேண்டியதை மட்டும் வாய்க்குக் கொண்டுவாருங்கள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது எல்லாவற்றையும் மனசுக்குள் படித்துவிட்டு, "இதெல்லாம் தனித்துத் தெரிய வேண்டாம்ப்பா" என்கிறாள்.

கடைசியாக மைத்துனன் கதை. ஆஸ்திரேலியா போக பி.டி.இ. என்கிற ஆங்கிலப் பரீட்சை எழுதத் தயாராகிக்கொண்டிருந்தான், எங்கள் வீட்டில் தங்கி. அதில் பேச்சுப் பகுதியில் ‘ரீட் அலவுட்’ என்றே ஒரு கேள்வி உண்டு. அறுபது வார்த்தைக்கு உட்பட்ட ஒரு பத்தி திரையில் வரும். முப்பதிலிருந்து நாற்பது நொடி பார்த்துக்கொள்ளலாம், அப்புறம் மைக் திறக்கும், படிக்க வேண்டும். நடுவில் மூன்று நொடி பேசாமல் இருந்தால் மைக் மூடிக்கொள்ளும். மதிப்பெண், விடாமல் படித்தோமா, தடங்கலில்லாமல் போனோமா, உச்சரிப்பு எப்படி என்பதற்கு. சத்தத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஆனால் பரீட்சை அறையில் பக்கத்துப் பக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள், சந்தைக்கடை மாதிரி. பக்கத்தில் இருப்பவன் குரலை மிஞ்சப் பார்த்துக் கத்துகிறவர்கள் வேகமும் கூடி வார்த்தையை விழுங்கிவிடுவார்கள்.

"அத்தான், எவ்வளவு சத்தமாப் படிக்கணும்?" என்று கேட்டான். கேள்வியே தப்பு என்று ஆரம்பித்தேன். அப்புறம் விளக்கம் வேண்டாம் என்று தோன்றியது. அவனை ஹாலில் உட்காரவைத்து டிவியைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டேன், பரீட்சை அறை மாதிரி இருக்கட்டும் என்று. பால்கனியில் அம்மா. அங்கே அவளுக்குக் கேட்க வேண்டும், அவள் திட்டவும் கூடாது, அதுதான் அளவு என்றேன்.

முதல் தடவை, "என்னத்த முணுமுணுக்க?" என்று குரல் வந்தது. இரண்டாவது தடவை, "ஏன்டா கத்துத?" மூன்றாவது பத்தி பவளப் பாறைகளைப் பற்றியது. நிதானமாகப் படித்து முடித்தான். பால்கனியிலிருந்து சத்தமே இல்லை. அவனே எழுந்து போய், "அத்தை, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வெளங்கல. ஆனா நல்லாக் கேட்டுச்சு" என்றாள் அம்மா.